நாற்பத்தெட்டு வீடு, ஐம்பத்து மூன்று ஓட்டு

சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, நாற்பத்தெட்டு வீடுகள் இருந்த அந்தக் கட்டடத்தில் ஐம்பத்திரண்டு ஓட்டுகள் விழுந்திருந்தன. ஓட்டுப்பதிவு முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஏழாவது மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த மென்பொருள் பொறியாளர் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை பார்த்தார். அதற்குள் ஐம்பத்து மூன்று ஆகியிருந்தது.

"என்னங்க, முகமெல்லாம் வெளிறிப் போச்சு?" என்றாள் மனைவி. கல்லூரி நூலகத்தில் நூலகர். விடுமுறை நாளில் சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுப்பதிவு நூத்துப்பத்து சதவீதம்."

"நல்லதுதானே. ஜனங்க ஆர்வமா இருக்காங்க."

"விளையாடாதே. கீழே டிவியில எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க."

அந்த டிவியும் அவர் வைத்ததுதான். வீட்டில் சும்மா கிடந்ததைத் தூக்கிக்கொண்டு போய், தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டி, யாருக்கு எத்தனை ஓட்டு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்படி செய்திருந்தார். ஒளிவுமறைவு இல்லாத தேர்தல் என்பது அவருடைய வாக்குறுதி. இத்தனைக்கும் அவர் வேட்பாளர் இல்லை.

அந்தக் கட்டடத்தில் அவருக்கு 'விளக்கம்' என்று ஒரு பெயர் இருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. லிஃப்டில் அவரோடு ஏறினால் இறங்குவதற்குள் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போட்டால் ஏன் படக்கென்று விரிசல் விடுகிறது, பக்கத்து நாட்டில் ஆட்சி ஏன் கவிழ்ந்தது, போன் ஏன் பையில் இருக்கும்போதே சார்ஜ் குறைகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் உண்டு. பெரும்பாலும் சரியான காரணமாகவே இருக்கும். அதுதான் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக ஒரே செயலாளர். ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அதிகம் பேசாத மனிதர். எதைச் சொன்னாலும் "எழுதிப் போட்டிருக்கேன்" என்பார். லிஃப்ட் விஷயத்திலும் அப்படித்தான் எழுதிப் போட்டிருந்தார். மூன்று மாதமாக லிஃப்ட் எந்த மாடியிலும் தரையோடு சேர்ந்து நிற்பதில்லை. ஒரு சாண் தாழ்ந்தே நின்றது. நடக்கிறவர்கள் ஏறி இறங்கிக்கொண்டார்கள். நாலாவது மாடியில் இருந்த பல் மருத்துவரின் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. அந்த அம்மா மூன்று மாதமாகக் கீழே இறங்கவே இல்லை.

இது பொறியாளரை உண்மையிலேயே உறுத்தியது. போன மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பதினோரு வருஷம் ஒரே ஆள் பதவியில இருந்தா அதுக்குப் பேர் ஜனநாயகம் இல்லை. செருப்புல ஒட்டின பபிள்கம். நான் தனிப்பட்ட முறையில சொல்லலை, பொதுவா உலக அரசியலைப் பார்த்துச் சொல்றேன்."

"அப்ப நீங்களே நில்லுங்களேன்" என்றார் பத்தாவது மாடி இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

"நான் விமர்சனம் பண்றவன். விமர்சகனே பதவிக்கு வந்துட்டா அப்புறம் யாரு விமர்சனம் பண்றது?"

கடைசியில் பல் மருத்துவரைப் பேசிப் பேசி நிற்க வைத்தார். "காலையில கிளம்பினா ராத்திரிதான் சார் வீட்டுக்கு வரேன், எனக்கு எங்க நேரம்?" என்று அந்தப் பெண் மருத்துவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நீங்க நின்னா போதும், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, காகிதச் சீட்டெல்லாம் போன நூற்றாண்டுச் சமாச்சாரம், போனிலேயே ஓட்டுப் போட ஒரு ஆப் செய்து தருகிறேன் என்று அறிவித்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் எதிர்ப்பார் என்று எதிர்பார்த்து, ஆறு ஆட்சேபங்களுக்கு ஆறு பதில் தயாராக வைத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டரோ, "தாராளமா செய்ங்க தம்பி" என்று சொல்லிவிட்டார். ஆறு பதிலும் வீணாய்ப் போன ஏமாற்றத்தில் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவற்றை மனைவியிடம் சொல்லித் தீர்த்தார்.

இப்போது ஐம்பத்து மூன்று.

பட்டியலைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. 'உங்கள் வீட்டு எண்' என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தார். ஒருவர் 3B என்று எழுதிப் போட்டிருக்கிறார். பக்கம் திரும்பக் கொஞ்சம் தாமதமானதும், பதியவில்லையோ என்று B3 என்று எழுதி மறுபடி போட்டிருக்கிறார். லிஃப்ட் பட்டனை நாலு தடவை அழுத்தினால்தான் லிஃப்ட் வரும் என்று நம்புகிற ஜனங்கள். ஆப்புக்கு 3B வேறு வீடு, B3 வேறு வீடு. இதே தப்பை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் செய்தபோது அவர் முக்கால் மணி நேரம் விளக்கம் கொடுத்திருந்தார்.

"சின்ன விஷயம்" என்றார் மனைவியிடம். "எழுத்து, கோடு, புள்ளி எல்லாத்தையும் எடுத்துட்டு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தா போதும். ஒரே எண் ரெண்டு தடவை வந்தா ஒண்ணை அழிச்சுடும். ரெண்டு நிமிஷ வேலை."

சொன்னபடி இரண்டே நிமிஷத்தில் முடித்தார். பட்டனை அழுத்தினார். ஐம்பத்து மூன்று என்பது பன்னிரண்டு ஆயிற்று.

கட்டடத்தில் பன்னிரண்டு மாடி. மாடிக்கு நாலு வீடு, ஏ, பி, சி, டி. எழுத்தை எடுத்துவிட்டால் மூன்றாவது மாடியில் இருக்கும் நாலு வீடும் வெறும் 3. ஆப் சொன்ன சொல் தட்டாமல் மாடிக்கு ஒரு ஓட்டை வைத்துக்கொண்டு மீதியைத் துடைத்துவிட்டது.

கீழே இருந்து ஏதோ இரைச்சல் கேட்டது. ஏழு மாடிக்கு மேலேயும் அது தெளிவாகக் கேட்டது.

குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் குவிந்தன. 'நாற்பத்தொரு ஓட்டைக் காணோம்.' 'பட்டப்பகலில் ஓட்டுத் திருட்டு.' இன்சூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் நிதானமாக, 'விளக்கம் என்ன சொல்றாரு?' என்று கேட்டிருந்தார்.

தன்னிடம் விளக்கம் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பொறியாளர் நாலு பத்தியில் எழுதி அனுப்பினார். அதற்குக் கீழே யாரோ ஒருவர், 'பேரைச் சொன்னதும் வந்துட்டாரு பாருங்க' என்று எழுதியிருந்தார். பொறியாளருக்கு அது புரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

"பேக்கப் இருக்கு" என்றார் மனைவியிடம். "புத்தியுள்ளவன் பேக்கப் இல்லாம எதையும் தொடமாட்டான்."

"எப்ப எடுத்தது?"

"எடுத்திருக்கேன்ல, அப்புறம் என்ன?"

பேக்கப்பை ஏற்றினார். கீழே இரைச்சல் சட்டென்று நின்றது. பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் கழித்து இரைச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டிருந்ததால் ஏழு மாடியும் படியிலேயே இறங்கி ஓடினார். தரைத்தளத்தில் இருபது பேர் டிவியைச் சுற்றி நின்றிருந்தார்கள். திரையில் பல் மருத்துவருக்கு நாற்பத்தெட்டு, ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சைபர்.

அது வியாழக்கிழமை ஆப்பைச் சோதித்துப் பார்த்தபோது அவரே போட்ட நாற்பத்தெட்டுப் பொய் ஓட்டு. பட்டியலில் பல் மருத்துவர் முதலில் இருந்ததால் எல்லாவற்றையும் அவருக்கே போட்டுவைத்திருந்தார்.

"நூத்துக்கு நூறு" என்றார் ஒருவர். "சில நாட்டுலதான் இப்படி ஜெயிப்பாங்கன்னு நீங்களே போன வாரம் லிஃப்ட்ல சொன்னீங்க."

"இது சோதனை ஓட்டுங்க. இப்ப மாத்திடுவேன்."

கூட்டத்தின் ஓரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பொறியாளருக்கு உடம்பு கூசிற்று.

"ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லை தம்பி. நான் எதுவும் நினைக்கலை" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "ஒரே ஒரு ஓட்டாவது விட்டிருக்கலாம். பார்க்கறவங்களுக்கு நம்பற மாதிரி இருந்திருக்கும்."

மறுபடி ஏழு மாடி ஏறினார். மூச்சு வாங்க லேப்டாப்பைத் துழாவியதில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. விழுந்த ஓட்டெல்லாம், யார் எப்போது யாருக்குப் போட்டார்கள் என்ற விவரத்தோடு, இன்னொரு கோப்பில் அப்படியே பத்திரமாக இருந்தது. ஐம்பத்து மூன்றும் இருந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதோட விட்டுடுங்க" என்றாள் மனைவி. "ஓட்டைப் பழையபடி ஏத்திட்டுப் பேசாம உட்காருங்க."

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கே. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க ஓட்டு பத்திரமா இருக்குன்னு தனித்தனியா மெசேஜ் அனுப்பினாத்தான் நம்புவாங்க."

"தனித்தனியா?"

"தனித்தனியா. ரகசியமா. வேற யாருக்கும் தெரியாது."

அப்புறம் நடந்தது ஒரு வரித் தப்பு. யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற இடத்தில் அவரவர் எண் இருக்க வேண்டும். அவசரத்தில் அங்கே குழுவின் எண் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் செய்தி குழுவில் வந்து விழுந்தது.

'அன்புள்ள 9D, நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அளித்த வாக்கு பத்திரமாக உள்ளது. ரகசியம் காக்கப்படும். நன்றி.'

ஐந்து விநாடி கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது.

பொறியாளர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். செய்தி நிற்கவில்லை. அனுப்பிக்கொண்டிருந்தது லேப்டாப் இல்லை. எங்கோ குளுகுளு அறையில் இருக்கும் வேறொரு கணினி. அதை நிறுத்த வேண்டுமானால் மறுபடி உள்ளே போக வேண்டும். உள்ளே போக ஒரு ஆறு இலக்க எண் வேண்டும். அந்த எண் போனுக்கு வரும். வந்தது. ஆனால் போன் திரை முழுக்க 'அன்புள்ள 2A', 'அன்புள்ள 11C', 'ரகசியம் காக்கப்படும்' என்று வந்துகொண்டே இருந்ததில் அந்த ஆறு எண்ணும் எங்கே போய் ஒளிந்தது என்று தெரியவில்லை. கண்டுபிடித்தபோது அது காலாவதியாகியிருந்தது. இன்னொன்று கேட்டார். அதுவும் முங்கிப் போயிற்று.

கட்டடம் முழுக்க நாற்பத்தெட்டு வீட்டிலும் போன்கள் ஐந்து விநாடிக்கு ஒரு தரம் டிங் டிங் என்றன. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது. வேறு சத்தமே இல்லை. எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பல் மருத்துவர் வீட்டு ஓட்டு ஸ்டேஷன் மாஸ்டருக்கு விழுந்திருந்தது. மருத்துவர் கிளினிக்கில் இருந்ததால் போட்டவர் அவருடைய கணவர். 'அவ ஏற்கெனவே வீட்டுல இருக்கறதே கொஞ்ச நேரம்' என்று பிற்பாடு காரணம் சொன்னாராம். ஸ்டேஷன் மாஸ்டர் தன் ஓட்டைப் பல் மருத்துவருக்குப் போட்டிருந்தார். பெரிய மனுஷன் என்று குழுவில் நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள். இரண்டு முறை ஓட்டுப் போட்ட ஐந்து வீட்டுக்காரர்களும், யார் மனசும் கோணக்கூடாது என்று இரண்டு வேட்பாளருக்கும் ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு யாரும் கும்பிடு போடவில்லை.

நாற்பத்தேழாவது செய்தி: 'அன்புள்ள 7B, நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டருக்கு அளித்த வாக்கு பத்திரமாக உள்ளது.'

7B அவர்களுடைய வீடு. தேர்தலை நடத்துகிறவன் ஓட்டுப் போடுவது முறையில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டதால், வீட்டு ஓட்டை மனைவிதான் போட்டிருந்தாள்.

பொறியாளர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். மனைவி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீயுமா?"

"என்ன நானுமா?"

"ஒரு மாசமா உன்கிட்டதானே சொல்லிட்டிருந்தேன், ஏன் மாத்தம் வேணும்னு. பாயின்ட் பாயின்ட்டா சொன்னேனே."

"சொன்னீங்க. ஒரு மாசமா சொன்னீங்க." அவள் பக்கத்தில் அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினாள். "அவர் பேசமாட்டார். அதுக்குத்தான் போட்டேன்."

பொறியாளர் போனை மேசைமேல் வைத்தார். ஜன்னலுக்குப் போய் நின்றார். வெயில் சாய்ந்து கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வானம் ஏன் சிவக்கும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

"நாலாவது மாடி அம்மா கீழே இறங்கி மூணு மாசம் ஆச்சு" என்றார் கடைசியில், வெளியே பார்த்தபடியே. "லிஃப்டைச் சரி பண்ணணும்னுதான் எல்லாத்தையும் ஆரம்பிச்சேன்."

"தெரியும்" என்றாள் மனைவி. எழுந்து போய்ச் சூடாக ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். "அதை மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா உங்க பக்கம் போட்டிருப்பேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளை எப்போதும் வரிசையாகப் போடுவார்கள். அன்றைக்கு ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது தெரிந்துவிட்டதால் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. பல் மருத்துவரும் கணவரும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொறியாளர் முன்னால் போய் நின்றார். ஆயத்தமாக எழுதி வந்திருந்த மூன்று பக்கத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மனைவியைப் பார்த்தார். காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க" என்றார்.

கூட்டம் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தது. அது வராததால் எல்லோருக்கும் கொஞ்சம் திகைப்பு.

பல் மருத்துவர் எழுந்தார். "என் வீட்டு ஓட்டே எனக்கு விழலை. நான் விலகிக்கறேன். எனக்கு லிஃப்ட் சரியானா போதும், யாரு செஞ்சாலும் சரி."

எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் நிதானமாக எழுந்தார்.

"என் ஓட்டே எனக்கு எதிரா விழுந்திருக்கு. அதுக்கப்புறம் நான் நின்னா நல்லா இருக்காது. நானும் விலகிக்கறேன்."

"அப்ப யாருதான் செய்யறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் காலை நீட்டிச் சோம்பல் முறித்தார். "குழப்பினவரே சரி பண்ணட்டுமே. மூணு மாசமா லிஃப்ட் ஏன் தாழ நிக்குதுன்னு நம்ம எல்லாருக்கும் விளக்கினாரு. அதே விளக்கத்தை லிஃப்ட் கம்பெனிக்காரன்கிட்ட தினமும் போய்ச் சொன்னா, அவன் தாங்கமாட்டான். ஒரு வாரத்துல வந்து சரி பண்ணிடுவான்."

கூட்டத்தில் முதல் முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சிரிப்பு நின்று, அது ஒரு யோசனையாக மாறுவதைப் பொறியாளர் கண்ணால் பார்த்தார்.

"ஒரு நிமிஷம். நான் விமர்சனம் பண்றவன்" என்றார்.

"அதை இனிமே நாங்க பார்த்துக்கறோம்" என்றார் பல் மருத்துவர்.

"அப்படின்னாலும் முறையா ரகசிய வாக்கெடுப்பு..."

"ரகசியமா?" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

வீட்டுக்கு ஒன்றாகக் கைகள் உயர்ந்தன. பழக்கத்தில் அவரே எண்ண ஆரம்பித்தார். நாற்பத்தேழு வந்தது. ஒன்று குறைகிறதே என்று பார்த்தால், மனைவி பக்கம் பார்க்க விட்டுப் போயிருந்தது. அவள் கையும் மேலேதான் இருந்தது. கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது.

பொறியாளர் உயர்ந்த கைகளை இன்னொரு முறை பார்த்தார். நேற்று அவ்வளவு அவமானப்பட்ட மனிதன் மேல் இன்றைக்கு நாற்பத்தெட்டு வீடும் நம்பிக்கை வைக்கிறது. மக்களைப் பற்றித் தான் இத்தனை காலம் சொல்லிவந்த பல கருத்துகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, கனத்த சாவிக்கொத்தையும் நாலு விரல் தடிமனில் ஒரு கோப்பையும் அவர் கையில் வைத்தார். பெரியவரின் கண்கள் கலங்கியிருந்தன. பதினோரு வருஷப் பதவி, விட்டுப் பிரிவது லேசான காரியமா என்று பொறியாளருக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. பபிள்கம் என்று சொன்னதை நினைத்துக் கூனிக்குறுகிப் போனார்.

"ஐயா, உங்க ஆலோசனை எப்பவும் வேணும்."

"ஊருக்குக் கிளம்பறேன் தம்பி. மக வீட்டுல ரெண்டு மாசம். சாயங்காலம் ரயில்" என்று சொல்லிவிட்டு, அந்த வயதுக்குச் சற்று வேகமாகவே நடந்து போனார்.

கூட்டம் கலைந்து கால் மணி நேரம் இருக்கும். பொறியாளர் லிஃப்ட் முன்னால் குந்தி உட்கார்ந்து, அந்த ஒரு சாண் பள்ளத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பெயர்ப் பலகை செய்கிறவர், கையில் டிரில்லும், பழைய செய்தித்தாளில் சுற்றிய பலகையுமாக உள்ளே வந்தார். சங்க அறை எங்கே என்று கேட்டு, கதவில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

கறுப்புப் பலகையில் தங்க எழுத்து. மேலே 'செயலாளர்'. அதற்குக் கீழே பொறியாளரின் பெயர், படிப்பு, 7B என்று வீட்டு எண். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

பொறியாளர் மணியைப் பார்த்தார். பதினொன்றே கால்.

"ஓட்டெடுப்பு இப்பத்தானே முடிஞ்சுது" என்றார். "அதுக்குள்ள எப்படிங்க செஞ்சீங்க?"

பெயர்ப் பலகைக்காரர் சுவரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே சொன்னார்.

"எதுக்குள்ள சார்? போன மாசமே ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா வந்து, 'தம்பி இன்னிக்கு ஆப் செய்யறேன்னு சொல்லிட்டாரு'ன்னு ஆர்டர் கொடுத்துட்டாரே."